துப்பறிவாளர் கரண்டியைக் கீழே வைத்த நாள்

எங்கள் துப்பறியும் தொடர் ரசிகர் குழுவில் எல்லோரும் திட்டித் தீர்த்த மூன்றாவது சீசனுக்காக வரிந்து கட்டிக்கொண்டு வாதாடியவள் நான். 'பல் டாக்டர் மொக்கையாகிவிட்டார்', 'பழைய குறும்பு எங்கே போனது', 'கதை எழுதுகிறவர்களை மாற்றுங்கள்' என்று ஆளாளுக்குப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். 'அட மக்குகளா, அந்த ஆள் இப்போதுதான் மனிதராகியிருக்கிறார்' என்று ஆரம்பித்து நான் நீளமாக ஒரு பதிவு போட்டேன். எத்தனையோ பேர் பாராட்டினார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், 'அக்கா, இந்தப் பாத்திரத்தை நீங்கள் வாழ்ந்து பார்த்திருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தாள். வாழ்ந்து பார்த்தேன்தான். எப்படி என்று தெரிந்திருந்தால் அந்தப் பெண் செருப்பைக் கழற்றியிருப்பாள். அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இலங்கையில், நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பிறந்த அதே லயத்தில் இன்னும் இருப்பவள் நான். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுத்து ஓய்ந்துவிட்டார். நான் பதுளை டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். காலையில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் கால் வீங்கி வருவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கென்று ஒரு நாள்.

லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் காம்பிரா என்போம். எங்கள் லயம் பழையது. இரண்டு காம்பிராவுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சுவருக்கு மேலால் வந்த பேச்சை நீ கேட்கவில்லை. அடுத்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி ராத்திரி முழுக்கச் சண்டை பிடித்திருந்தாலும், காலையில் 'என்னக்கா, நல்லாத் தூங்குனீங்களா' என்றுதான் கேட்க வேண்டும். அந்த ஒரு வழக்கம் இல்லாவிட்டால் லயத்தில் ஒருவரும் மானத்தோடு இருக்க முடியாது.

அடுத்த காம்பிராவில் இருப்பவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதை நெருங்கியவர், கொழுந்து எடுக்கிறவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். அவருடைய புருஷனை மாமா என்பேன். மாமா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாத மனிதர். அவர்களுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளை பதுளையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றபோது, சிங்களப் பையன் ஒருவனை விரும்பிக் கல்யாணம் கட்டிக்கொண்டது. ஆட்டோ ஓட்டுகிறவன். செய்தி வந்த அன்று மாமா கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போனார். லயமே பார்த்துக்கொண்டு நிற்க, சட்டையோடு அதற்கடியில் உட்கார்ந்து தலை முழுகினார். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் முழுகுவோமே, அப்படி. எழுந்து, 'எனக்கு மக இல்ல' என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பெயரை யாரும் அவர் காதுபட எடுத்ததில்லை.

இனித் தொடருக்கு வருகிறேன். ஏதோ ஒரு குளிர் நாட்டில், கடற்கரை ஊரில் நடக்கும் கதை. தமிழில் குரல் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் போடுவார்கள். கதாநாயகன் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளிகள் சொன்னது, சொல்லாதது எல்லாவற்றையும் ஊருக்குப் பரப்பி வேலையைப் பறிகொடுத்தவர். வேறு பிழைப்பு இல்லாமல் துப்பறியக் கிளம்புகிறார். வண்டி ஓட்டத் தெரியாது. போலீசிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் ரொட்டிக் கடையின் பழைய பாண் வண்டி ஒன்றில் அவரை ஏற்றிக்கொண்டு திரிவார். அந்த அம்மாள் சிரிக்கவே மாட்டார். ஒவ்வொரு கதையின் முடிவிலும் டாக்டர் எல்லோரையும் சாப்பாட்டு மேசைக்கு அழைப்பார். சூப் வந்ததும் கரண்டியால் கிளாசில் 'டிங் டிங்' என்று தட்டுவார். சபை அமைதியாகும். பிறகு ஒவ்வொருவராகப் பிரித்து மேய்ந்து, கடைசியில் குற்றவாளியைக் காட்டுவார்.

அக்காவும் நானும் அதற்கு அடிமை. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அக்கா, வறுத்த கடலையோ அவித்த மரவள்ளியோ ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு எங்கள் காம்பிராவுக்கு வந்துவிடுவார். நான் வாய் ஓயாமல் ஊகம் சொல்வேன், 'அந்தத் தோட்டக்காரன்தான், நான் பந்தயம் கட்டுறேன்' என்று துள்ளுவேன். அக்கா பேசாமல் பார்ப்பார். ஆனால் பார்க்கிற கண் அவருக்குத்தான் இருந்தது.

இரண்டாம் சீசனில் ஒரு கதை. களவு போனது ஏதோ கடிகாரம். டாக்டர் மேசையில் வைத்துக் களவாணியைக் கண்டுபிடித்துவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் கைதட்டல் வேண்டுமே! அங்கே உட்கார்ந்திருந்த பாண் கடைக்காரரின் மனைவி, தன் புருஷனுக்குத் தெரியாமல் வேறொருவனுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்பதையும் போகிற போக்கில் போட்டு உடைத்தார். கடிகாரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொலைக்காட்சியில் சிரிப்புச் சத்தம் போட்டார்கள், நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. திரும்பிப் போகிற காட்சியில், வண்டி ஓட்டும் அம்மாளைக் காட்டி, "பாத்தியா புள்ள, அந்தம்மா கியர் போடுறத? கோவத்துல போடுது" என்றார்.

"அதெல்லாம் ஒன்னுமில்லக்கா, பழைய வண்டி, அப்படித்தான் இழுக்கும்."

"நீ சும்மா இரு. அந்தம்மாவுக்கு மனசு ஆறல. அந்தப் பொம்பள இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவா? இவன் கெட்டிக்காரன்தான். ஆனா மனுசன் ஆகல."

எனக்கு அது ரசிக்கவில்லை. அப்போது எனக்கு டாக்டர் என்றால் உயிர். கடையில் புடவை பார்க்க வருகிறவர்களைக்கூட நான் அவரைப்போல எடை போடுவேன். செருப்பில் இருக்கும் மண்ணைப் பார்த்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், கையில் இருக்கும் மாத்திரை உறையைப் பார்த்து வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று சொல்லிவிடுவேன். முதலாளி, 'ஒனக்கு இங்க வேலை சரிவராதும்மா, பொலிசுல சேரு' என்று கிண்டல் பண்ணுவார். எனக்கு அது தலைக்கு ஏறியது.

அந்த வருடம் தோட்டத்தில் அண்டா காணாமல் போனது. எங்கள் லயத்துக்கென்று ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. சங்கத்தின் சொத்து என்றால் உட்காரக் கொஞ்சம் கதிரைகள், ஒரு கூடாரச் சீலை, ஒரு பெரிய பித்தளை அண்டா. சாவுக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் அதில்தான் சோறு வேகும். கடைசியாக ஒரு கருமாதிக்குச் சமைத்தபின், கழுவி அக்காவின் பின்வாசல் சாய்ப்பில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமை ஒரு வீட்டில் பிள்ளை பெரியவளாகிச் சடங்குக்கு அண்டா கேட்டு வந்தார்கள். சாய்ப்பு வெறுமையாகக் கிடந்தது.

அண்டா வியாழக்கிழமை சாயங்காலம் இருந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். ஆக வெள்ளிக்கிழமை பகலில்தான் போயிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை லயமே மலைக்கு வேலைக்குப் போயிருந்தது. என் அம்மாவும் கிளினிக்குக்குப் போயிருந்தார்; எங்கள் பக்கத்தில் வீட்டில் இருந்தவர் ஒருவர்தான். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை.

ஆனால் அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை. அது எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை நான் கடைக்குக் கிளம்புகையில், மாமா தொழிற்சாலைக்குப் போயிருந்த நேரத்தில், சுவருக்கு மேலால் அக்கா போனில் பேசியது கேட்டது. 'நாளைக்கு காச்சல்னு சொல்லிட்டு பஸ் ஏறி வாறேன். அவருக்குத் தெரிய வேணாம். புள்ளைக்கு வசம்பு கட்டியிருக்கியா? நான் வந்து குளிப்பாட்டுறேன், நீ தல முழுக்காட்டாத.' மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். அக்கா இப்படி ஒளித்து ஒளித்துப் பதுளைக்குப் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்து வருகிறார் என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். தெரியாதவளாகவும் இருந்தேன். அதுதானே வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை, தொடர் முடிந்த கையோடு, மூன்று மணிக்குப் பிள்ளைக் காம்பிரா விறாந்தையில் சங்கக் கூட்டம். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கட்டடம் அது. லயத்தில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். மாமா ஒரு தூணில் சாய்ந்து நின்றார். அக்கா பெண்களோடு கீழே உட்கார்ந்திருந்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"யாரு மேலயும் பழி சொல்லல. ஆனா வெள்ளிக்கெழம நீ வீட்டுல தானேம்மா இருந்த? அவ்வளவு பெரிய அண்டா, காலு மொளச்சு நடந்து போயிருச்சா?"

யாரோ சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "படுத்திருந்தேங்க. ஒன்னும் கேக்கல."

"பின்வாசல்ல அண்டா தூக்குற சத்தம் கேக்காம அப்படி என்ன காச்சல்?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி இழுத்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் காது சிவந்து போனது எனக்குத் தெரிந்தது.

என் அக்காவைக் களவாணி என்பதா! எனக்குச் சுர்ரென்று ஏறியது. அது உண்மை. ஆனால் அதோடு இன்னொன்றும் ஏறியது, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோருக்கும் புதிராக இருக்கிறது, விடை என் ஒருத்தியின் கையில் இருக்கிறது. வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு மேசை கிடைத்ததே இல்லை. கையில் பால் விடாத பிளேன்டி கிளாஸ் இருந்தது, சீனி கலக்கிய கரண்டியும் இருந்தது. தட்டினேன். டிங் டிங் என்று தட்டினேன். இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று ஆரம்பித்தேன். அந்த அண்டாவை ஒருவர் தனியே தூக்க முடியாது, ஆகவே குறைந்தது இரண்டு பேர் வந்திருக்க வேண்டும். சாய்ப்புக்கு முன்னால் வண்டிச் சில்லுத் தடம் இருக்கிறது, ஆகவே வெளியாட்கள். ஆ ஊ என்று தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரையாவது கூப்பிட்டு, 'வா, கீழ்த் தோட்டத்தில் விசாரித்துப் பார்ப்போம்' என்றிருந்தாலே போதும். நிறுத்தவில்லை. "அக்கா எடுத்திருக்க வழியே இல்ல. ஏன்னா அக்கா வெள்ளிக்கெழம வீட்டுலயே இல்ல" என்றேன்.

"இல்லாம?" என்றார் தலைவர்.

"பதுளைக்குப் போயிருந்தாங்க. மகளோட கொழந்தையப் பாக்க. போன்ல பேசுனத சொவத்துக்கு மேலால என் காதால கேட்டேன்."

சொல்லி முடித்துவிட்டு நான் சிரித்தேன். கைதட்டுவார்கள் என்று நினைத்திருக்கிறேன் போல.  முதலில் ஒருத்தி மாமாவைப் பார்த்தாள், பிறகு எல்லோரும் பார்த்தார்கள். அவர் தூணிலிருந்து முதுகை எடுத்தார், தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார், படியிறங்கிப் போனார். அக்கா எழுந்திருக்கவில்லை. என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. விறாந்தைத் தரையில் யாரோ சிந்திய தேத்தண்ணியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அன்று சாயங்காலம் சுவருக்கு மேலால் மாமாவின் குரல் ஒரே ஒரு தடவை கேட்டது. "அந்த போனை இங்க குடு. இனி காச்சல் வந்தாலும் வேலைக்குப் போ." அவ்வளவுதான். பிறகு அவர்கள் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார்கள். அன்றிலிருந்து யாராவது வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அது கத்திக்கொண்டே இருந்தது. அவர்கள் பேசுகிறார்களா இல்லையா என்பதே எங்களுக்குத் தெரியாமல் போனது.

அண்டா செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. சங்கச் செயலாளரே வெள்ளிக்கிழமை கீழ்த் தோட்டத்து உறவுக்காரர்களுக்கு லொறியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் போட்டிருந்ததில் மறந்துவிட்டாராம். கூட்டத்தில் அவரும்தான் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்! மனுஷனை மென்று துப்பலாம் போல வந்தது. பிறகு நினைத்தேன், அவர் மறந்தது ஓர் அண்டாவை. நான் மறந்தது என்ன?

பீலியில் அக்காவைத் தனியே பிடித்தேன். "அக்கா, என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

"எதுக்கு மன்னிக்கணும்? நீ என்னையக் களவாணின்னு சொல்லலையே" என்றார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என் முகத்தைப் பார்த்து அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மூன்றாம் சீசன் தொலைக்காட்சியில் வரவில்லை. நான் டேட்டா போட்டு போனில் தனியாகப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, அதே இரண்டு மணி. கடலைத் தட்டு வரவில்லை. ஆறாவது கதையோ ஏழாவதோ. ஒரு பெரிய வீட்டில் மிரட்டல் கடிதம் எழுதியதாக வயதான ஒரு வேலைக்காரரைச் சந்தேகிக்கிறார்கள். அவரால் எழுதியிருக்க முடியாது என்று டாக்டர் கண்டுபிடித்துவிடுகிறார். ஏனென்றால் அந்தப் பெரியவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. ஆனால் பெரியவருக்கு ஒரு பேத்தி. தினமும் காலையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு அவர் அவளுக்குச் செய்தி வாசிக்கிறார். அவ்வளவும் அவரே கட்டிச் சொல்கிற செய்தி.

மேசை. சூப் வருகிறது. டாக்டர் கரண்டியை எடுக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரியவர் தப்பிவிடுவார். டாக்டர் பெரியவரைப் பார்க்கிறார், பக்கத்தில் இருக்கும் பேத்தியைப் பார்க்கிறார். கரண்டி கிளாசுக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "சூப் ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்கிறார். எல்லோரும் கேலி செய்கிறார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். அதற்குப் பிறகு மூன்று நாள் மழையில் அலைந்து, வேறு ஒரு சாட்சியைத் தேடிப் பிடித்து, பெரியவரை விடுவிக்கிறார். வண்டி ஓட்டும் அம்மாள் அன்று கியரை மெதுவாகப் போடுகிறார்.

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். பக்கத்தில் அக்கா இருந்திருந்தால் அந்தக் கியரை எனக்கு முன்னே பார்த்திருப்பார்.

குழுவில் கொதித்தார்கள். மூன்று நாளை வீணாக்கினார், கதை இழுக்கிறது, விடை தெரிந்தும் சொல்லாதவர் என்ன துப்பறிவாளர் என்றார்கள். அப்போதுதான் அந்தப் பதிவை எழுதினேன். ஒரு பாத்திரம் வளர்வது என்றால் அது இன்னும் கெட்டிக்காரனாவது இல்லை என்று எழுதினேன். நல்லவனாவதுகூட இல்லை. இன்னொருவரின் மானத்துக்காக, நாலு பேர் முன்னால் தான் முட்டாளாக இருக்கச் சம்மதிப்பது. முதல் சீசனில் அந்த மனிதர் கைதட்டலுக்குப் பிச்சை எடுத்தார், மூன்றாவதில் கேலியை வாங்கி வைத்துக்கொள்கிறார் என்று எழுதினேன். ஒரே ஒரு குறை மட்டும் சொன்னேன். கடைசிக் காட்சியில் பேத்தி டாக்டரிடம், தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது தனக்கு எப்போதோ தெரியும் என்று சொல்கிறாள். அது தேவையில்லாத உருக்கம், கதையை இனிப்பாக்க வைத்த காட்சி என்றேன். பாராட்டுகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் படித்தேன், ஒவ்வொன்றுக்கும் நன்றி போட்டேன். சீ, என்ன பிறவி நான்! அக்காவின் வயிற்றெரிச்சலில் படித்த பாடத்தை என் புத்திசாலித்தனம் என்று விற்றுக்கொண்டிருந்தேன். அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை அதில்.

அந்தக் குற்ற உணர்வு தாங்காமல்தான் ஒரு நாள் மாமாவிடம் போனேன். தொழிற்சாலை முடிந்து, மழைக்குப் பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்கி நின்றார். வேறு யாரும் இல்லை.

"மாமா, பிழை என் பேருல. அக்காவைப் போக விடுங்க. அந்தக் கொழந்த என்ன பாவம் பண்ணுச்சு" என்றேன்.

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "ஏம்மா, அவ போன்ல பேசுறது சொவத்துக்கு அந்தாண்ட இருக்குற ஒனக்குக் கேட்டுச்சு. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு அவ பேசுறப்ப, அதே காம்பிராவுல படுத்துக் கெடக்குற எனக்குக் கேக்காதா?" என்றார்.

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"காச்சல்னு சொல்லுவா. 'சரி படுத்துக்க'ன்னு சொல்லிட்டு நான் போயிருவேன். சாயங்காலம் நான் வர்றப்ப அவ சீலையில கொழந்தப் பவுடர் வாசம் அடிக்கும். மோந்துக்கிட்டு சும்மா இருப்பேன். அன்னைக்கு ராத்திரி ஒரு மாதிரி நல்லாத் தூக்கம் வரும் எனக்கு." துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலு பேருக்கு முன்னால தல முழுகுனவன் நானு. எனக்குத் தெரியாதவரைக்கும் அவ போகலாம், வரலாம். எனக்குத் தெரியும்னு லயத்துக்கே இப்பத் தெரிஞ்சு போச்சே. இனி எப்படிம்மா நான் தெரியாதவனா இருக்குறது? நீயே சொல்லு பாப்பம். நீதான் கெட்டிக்காரியாச்சே."

மழை விடவில்லை. அவர் அப்படியே நனைந்துகொண்டு மேலே ஏறிப் போனார். நான் பின்னால் போகவில்லை. நான் அக்காவிடமிருந்து மட்டும் பறித்ததாக நினைத்திருந்தேன். அந்த மனிதரிடமிருந்தும் பறித்திருக்கிறேன். அந்தப் பேத்தியின் காட்சியைத் தேவையில்லாத உருக்கம் என்று எழுதிய என் விரலை ஒடிக்க வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து பதிவையே அழித்தேன். குழுவில் ஏன் என்று கேட்டார்கள், சும்மாதான் என்றேன்.

அந்தக் கூட்டம் நடந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் போய்விட்டது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடை முடிந்து பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். தூறிக்கொண்டிருந்தது. ரோல்ஸ் விற்கும் கடைக்கு முன்னால் அக்காவின் மகள் நின்றிருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். ஒரு கையில் சாமான் பை, மறுகையில் குழந்தை. பையை மாற்றிப் பிடிப்பதற்காகக் குழந்தையைக் கீழே விட்டாள். அது நடந்தது! நாலு எட்டு நடந்து, பொத்தென்று உட்கார்ந்தது. அழாமல் எழுந்து, திரும்பவும் நடந்தது.

பக்கத்தில் போயிருக்க வேண்டும். 'உங்கம்மா நல்லா இருக்காங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அம்மா ஏன் வருவதில்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்குமோ, யாரால் என்று தெரிந்திருக்குமோ?  அவள் என் பக்கம் திரும்புவதுபோல இருந்தது. சட்டென்று குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். குடைக்குக் கீழே குழந்தையின் காலில் சின்னச் சின்னச் சப்பாத்துகள் இரண்டு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு ஆட்டோ ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் குடையை இறக்கியபோது அங்கே யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் காதோடு காதாகச் சொன்னேன். அடுத்த காம்பிராவில் தொலைக்காட்சி வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தது. அம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டுவிட்டு, என்னை ஒரு முறை முறைத்தார்.

"அத எதுக்குடி என் காதுல குசுகுசுங்குற? நானா அதுக்குப் பாட்டி?"

முதலில் எனக்குப் புரியவில்லை. அம்மா கண்ணால் சுவரின் மேல்பக்கத்தைக் காட்டினார். கேட்காததாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் கேட்கிறவர்களுக்குத்தான். சொல்கிறவர்களை யாரும் தடுக்கவில்லை. இத்தனை வருடம் அதே காம்பிராவில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை.

நடுவீட்டில் நின்றுகொண்டு, "அம்மா! இன்னைக்குப் பதுளையில அக்காவோட பேரப்புள்ளையப் பாத்தேம்மா!" என்று சத்தமாகச் சொன்னேன். 

அடுத்த பக்கத்தில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. பிறகு அடியோடு நின்றது.

"அப்படியா? என்ன செய்யிது?" என்று அம்மாவும் சத்தமாகக் கேட்டார்.

"நடக்குதும்மா! நாலு எட்டு வச்சு உக்காந்துருச்சு. அழவே இல்ல. அதுவா எந்திரிச்சு திரும்ப நடக்குது. சின்னச் சப்பாத்து போட்டிருக்கு."

"உடம்புக்கு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. தாயும் நல்லா இருக்கா. கொஞ்சம் தேறியிருக்கா."

அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அம்மா கையை ஆட்டி ஆட்டி, இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று சைகை காட்டினார். அந்தப் பக்கத்தில் ஒரு பாத்திரம்கூட அசையவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது, அது அக்கா. பிறகு கட்டில் முனகியது. சுவருக்கு மேலால் மாமாவின் குரல் வந்தது. எங்கள் லயத்தில் யாரும் எந்தக் காலத்திலும் செய்யாத காரியம் அது.

"கொழந்த யாரு சாயலும்மா?"

ஒரு பிளேன்டி கிளாசில் கரண்டியைத் தட்டிக்கொண்டு ஊருக்கே விடை சொன்னவள் நான். அந்த மனிதர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். நான் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.